வண்ணப் பெட்டியும் ஆறுமுகம் பிள்ளையும்

எண்ணெய் வண்ண ஓவியம் பயில விரும்பும் இளைஞருக்கு இன்று நம் புதுவையில் பெருந்தடை ஏதுமில்லை. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. வண்ணக் குழாய்கள், ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், பரும்படியான பன்றிமயிர்த் தூரிகை, நுண்ணிய வேலைக்கு மென்மயிர்த் தூரிகை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய சீலை, வண்ணம் குழைக்கும் பலகை என்று நீளும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் போதும். எஞ்சியதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். இந்தப் பட்டியலில் உள்ள பொருள்களுக்காகவும், அதைவிட அவற்றைக் கையாளும் முறைக்காகவும் ஓர் இளைஞர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அவரே பிற்காலத்தில் இந்தியா முழுவதும் பேர்பெற்ற இராஜா இரவிவர்மா ஆவார்.

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டில், திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கிளிமானூரில் பிறந்தார். தாயார் உமா அம்பாபாய் கவி புனையும் ஆற்றல் உடையவர். தந்தையார் வடமொழிப் புலமை மிக்கவர். பிள்ளைப் பருவத்தில் வீட்டுச் சுவரெல்லாம் கரித்துண்டால் உருவங்கள் தீட்டுவது இவர் வழக்கம். அதைக் கண்டு சினங்கொள்ளாமல் அழைத்துக் கற்பித்தவர் தாய்மாமன் இராஜராஜ வர்மா. அந்த மாமனுக்கு ஓவியம் சொல்லித்தந்தவரோ நம் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு. சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் ஓவியராக விளங்கியவர் அவர். கேரளத்து ஓவியர் என்று நாம் ஒதுக்கி வைத்துவிடும் இரவிவர்மாவின் முதற்பாடத்திலேயே மதுரைக் கைவண்ணம் கலந்திருக்கிறது என்பதைத் தமிழன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1862ஆம் ஆண்டில், பதினான்காம் வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று மன்னர் ஆயில்யம் திருநாளிடம் சேர்ப்பித்தார். அரண்மனையில் தங்கி ஓவியங்களைப் பார்க்கவும் பழகவும் வாய்ப்புக் கிடைத்தது. ஆயினும் அதுவரை அவர் அறிந்த வண்ணங்கள் இலை, பூ, மரப்பட்டை, மண் இவற்றிலிருந்து தாமே உண்டாக்கிக்கொண்டவை. நீரில் கரைத்துத் தீட்டுபவை. ஐரோப்பிய ஓவியங்களில் பட்டின் மடிப்பும் பொன்னின் மின்னலும் தோலின் வெதுவெதுப்பும் தெரிவதைக் கண்டபோது, அவை வேறொரு வண்ணத்தால் ஆனவை என்பது அவருக்குப் புரிந்தது.

அந்த வண்ணம் அக்காலத்தில் கடல் கடந்து வரவேண்டிய சரக்கு. 1841ஆம் ஆண்டில் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டறியும் வரையில், ஐரோப்பாவிலேயே எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து முடிந்துதான் விற்றார்கள். துளையிட்டுப் பிதுக்கிய பிறகு மிச்சம் விரைவில் கெட்டுவிடும். குழாய் வந்த பிறகுதான் வண்ணம் கப்பலேறி நெடுந்தொலைவு வர முடிந்தது. சென்னைச் செய்தித்தாள் ஒன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து இளைஞர் இரவிவர்மா எண்ணெய் வண்ணப் பெட்டி ஒன்றை வரவழைத்தார் என்று வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

பெட்டி வந்துவிட்டது. ஆனால் உள்ளே வித்தை இல்லை! நீர்வண்ணம் தீட்டியவுடன் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அடியில் போடும் பூச்சு டர்பன்டைன் கலந்து மெலிதாக இருக்க வேண்டும். மேலே செல்லச் செல்ல எண்ணெய் கூட வேண்டும். முறை தலைகீழானால் சில ஆண்டுகளில் படம் வெடித்துவிடும். ஒரு நகையின் கல்லையோ சரிகையின் இழையையோ தீட்ட, கீழ்ப்பூச்சு எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், எத்தனைத் துளி எண்ணெய் சேர்க்க வேண்டும் என்பதைக் கை பழகித்தான் அறியவேண்டும். நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு இது புதிய செய்தியன்று. அசையும் சீரும் தளையும் அச்சுப் புத்தகத்தில் கிடைக்கின்றன. ஓசையைக் காதில் ஏற்றுவதற்கு ஒருவர் பக்கத்தில் அமர வேண்டியிருக்கிறது அல்லவா?

திருவிதாங்கூரில் அந்த முறையை அறிந்திருந்தவர் அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர். நீர்வண்ண முறையில் இரவிவர்மாவுக்கு வழிகாட்டியவரும் அவரே. எண்ணெய் வண்ணத்தைக் கேட்டபோது மட்டும் அவர் கைவிரித்துவிட்டார். இளைஞரின் ஆற்றலைக் கண்டு, நாளை தமக்குப் போட்டியாவார் என்று அஞ்சியதே காரணம் என்பர். இதற்காக அவரை வன்மையாகக் கண்டிக்க என் மனம் ஒப்பவில்லை. மன்னர் கொடுக்கும் வேலையை நம்பி வாழ்ந்தவருக்கு அந்த இரகசியம் ஒன்றே முதல். கேட்டவரோ அரச குடும்பத்தோடு உறவுடையவர்.

இந்த இடத்தில்தான் ஆறுமுகம் பிள்ளை வருகிறார். இராமசாமி நாயக்கரிடம் உதவியாளராக இருந்தவர். தம் ஆசிரியருக்குத் தெரியாமல் இரவு நேரங்களில் இரவிவர்மாவிடம் வந்து, எண்ணெய் வண்ணம் கலக்கும் முறையைத் தமக்குத் தெரிந்தமட்டில் சொல்லிக்கொடுத்தார். தெரிந்திருந்தால் பிழைப்புப் போயிருக்கும். விளக்கொளியில் பலகைமேல் வண்ணத்தைக் குழைத்துக் காட்டிய அந்த மனிதரைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் காணக்கிடைப்பதில்லை. அந்தக் குறையை நினைத்தே இக்கட்டுரையின் தலைப்பில் அவர் பெயரைச் சேர்த்தேன்.

1868ஆம் ஆண்டில் மன்னர் குடும்பத்தின் உருவங்களைத் தீட்டத் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. மன்னரின் வேண்டுகோளுக்கு இணங்கி, தாம் தீட்டும்போது உடனிருந்து பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். ஆறுமுகம் பிள்ளையிடம் அடிப்படையை அறியாமல் இருந்திருந்தால், அந்தப் பார்வை வெறும் வேடிக்கையாகவே முடிந்திருக்கும் என்பது என் துணிபு. பார்த்ததைத் தம் அறையில் தாமே தீட்டித் தீட்டித் திருத்திக்கொண்டார் இரவிவர்மா.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1870இல் மூகாம்பிகை கோயிலில் 41 நாள் நோன்பிருந்து திரும்புகையில், கோழிக்கோட்டில் ஒரு நீதிபதியின் குடும்பத்தைத் தீட்டியதே பொருள் பெற்றுச் செய்த முதல் பணி. 1873ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் ஆளுநரின் தங்கப் பதக்கத்தை வென்றது; வியன்னாவிலும் பாராட்டுப் பெற்றது. மறு ஆண்டில் பரிசு பெற்ற ஓவியத்தில் வாத்தியம் மீட்டுபவள் ஒரு தமிழ்ப் பெண். 1888இல் பரோடா மன்னருக்காகப் பதினான்கு புராண ஓவியங்களை மேற்கொண்டார். 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் நிறுவினார். படங்களை அச்சிட்டுப் பரப்புமாறு அதற்குப் பத்தாண்டு முன்பே அவருக்கு எழுதியவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். அச்சகம் கடனில் முடிந்து ஜெர்மானியர் ஒருவர் கைக்குப் போயிற்று. ஆயினும் சுவரில் மாட்டிய சரசுவதியாகவும் இலக்குமியாகவும் அவர் ஓவியங்கள் எளியோர் இல்லங்களுக்குள்ளும் புகுந்துவிட்டன. மேனாட்டு முறையைப் பின்பற்றியவர் என்று ஆனந்த குமாரசுவாமி போன்ற அறிஞர் அவரைக் குறைகூறியதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அந்த முறை அவர் கைக்கு எவ்வளவு அரிதாய் எட்டியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் நலம்.

தாம் பட்ட பாட்டைத் தம் தம்பி படவேண்டாம் என்று கருதினார் போலும். இளையவர் சி. இராஜராஜ வர்மாவைத் தம் அருகிலேயே வைத்துக் கற்பித்தார். அண்ணன் உருவங்களைத் தீட்ட, தம்பி பின்னணி நிலக்காட்சிகளைத் தீட்டுவார். ஒரே சீலையில் இருவர் தூரிகையும் உலவும். தங்கை மங்களாபாயும் ஓவியரானார். தம்பி 1905இல் மறைந்தார். அந்தத் துயரோடு, நீரிழிவு நோயாலும் வாடிய இரவிவர்மா 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், பிறந்த கிளிமானூரிலேயே காலமானார்.

அச்செய்தி கேட்டு இரங்கற்பா பாடினார் பாரதியார். அப்போது அவர் சென்னையில் இருந்தார். இரண்டாண்டுக்குப் பின், 1908இல், நம் புதுவைக்கு வந்து சேர்ந்தார்.