மொலோக்காயில் தங்கிவிட்டவர்

1873-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மவுயியில் புதிய தேவாலயம் ஒன்று அர்ச்சிக்கப்பட்டது. விழாவிற்கு வந்திருந்த குருமார்களிடம் ஆயர் மேக்ரே தம் உள்ளத்தை உறுத்திவந்த ஒரு செய்தியை எடுத்துரைத்தார். மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்பில் கத்தோலிக்கக் குரு எவரும் இல்லை. எப்போதாவது ஒருவர் வந்து போவதோடு சரி. மரணத் தறுவாயில் இருப்போர் இறுதி அருட்சாதனங்கள் பெறாமலேயே இறந்துகொண்டிருந்தனர். எனினும் அங்கே சென்று நிரந்தரமாகத் தங்கும்படி ஒருவருக்குக் கட்டளையிட ஆயருக்கு மனம் வரவில்லை. நான்கு குருமார்கள் தாமாகவே முன்வந்தனர். ஒருவர் மாற்றி ஒருவராகச் சில மாதங்கள் வீதம் அங்கு தங்குவது என்று ஏற்பாடாயிற்று. முதல் முறை டேமியன் என்ற பெல்ஜிய நாட்டுக் குருவிற்கு வாய்த்தது. மே 10 அன்று அவர் மொலோக்காயில் கரையிறங்கினார். இரண்டாமவரின் முறை வரவே இல்லை.

அவரது இயற்பெயர் ஜோசப் டி வூஸ்டர். 1840 ஜனவரி 3 அன்று பெல்ஜியத்தில் ட்ரெமெலோ என்ற சிற்றூரில், உழவும் தானிய வியாபாரமும் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தார். வியாபாரத்தைத் தமக்குப் பின் இவரே நடத்துவார் என்பது தந்தையின் எண்ணம். ஆனால் அண்ணன் பாம்ஃபீல் சென்ற வழியிலேயே தம்பியும் சென்று, இயேசு-மரியாவின் திருஇருதயங்கள் துறவற சபையில் சேர்ந்தார். கல்வி குறைவு, இலத்தீன் தெரியாது என்ற காரணங்களால் இவரைக் குருத்துவப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள மேலோர் தயங்கினர். அண்ணனிடமே இலத்தீன் கற்று அக்குறையைத் தீர்த்துக்கொண்டார்.

1860 அக்டோபர் 7 அன்று பாரிஸ் நகரில் அவர் தம் துறவற வார்த்தைப்பாட்டை அளித்தார். அச்சபையின் வழக்கப்படி, வார்த்தைப்பாடு அளிப்பவர் தரையில் குப்புறக் கிடக்க, சவப்பெட்டியின் மீது விரிக்கும் துணியை அவர்மேல் போர்த்துவார்கள். அவர் உலகிற்கு இறந்துவிட்டார் என்பது அதன் பொருள். துறவு பற்றிய இக்கருத்து நம் நாட்டவருக்குப் புதிதன்று. பலருக்கு அது சடங்கோடு முடிந்துவிடுகிறது. டேமியனுக்கு அப்படி முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து மொலோக்காயில் இருந்தபோதும் அந்தச் சவத்துணியைத் தம் கடிதத்தில் நினைவுகூர்ந்தார்.

ஹவாய்க்குச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உண்மையில் அண்ணன்தான். 1863-இல் டைஃபஸ் காய்ச்சல் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தபோது அவருக்கும் அந்நோய் தொற்றியது, பயணம் தடைப்பட்டது. தம்பி தம் மேலாளரைக் கேட்காமல், பாரிஸிலிருந்த சபைத் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, அந்த இடத்தைத் தமக்குத் தருமாறு வேண்டினார். கீழ்ப்படிதலை விரதமாக ஏற்ற ஓர் இளைஞர் செய்யத்தக்க செயலா அது என்றால், அன்று என்றே கூற வேண்டும். அந்த முரட்டு வேகம் கடைசிவரை அவரைவிட்டு அகலவில்லை. அனுமதி கிடைத்தது. 1864 மார்ச் 19 அன்று ஹோனலூலு துறைமுகத்தை அடைந்தார். அவ்வாண்டு மே 21 அன்று குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய் எனப்படும் பெரிய தீவில் பணியாற்றினார். அங்கே தம் கையாலேயே சிற்றாலயங்களைக் கட்டினார். தச்சு வேலையும் ஹவாய் மொழியும் அவருக்கு அப்போது கைவந்தன. பிற்காலத்தில் அவருக்கு மிகவும் உதவியவை இவ்விரண்டுமே.

ஹவாய் மக்களுக்குத் தொழுநோய் வெளிநாட்டவர் வாயிலாக வந்தது. நோய் பரவுவதைத் தடுக்க 1865-இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. நோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கப்பலேற்றி, மொலோக்காயின் வடகரையிலுள்ள கலவாவோவில் விட்டனர். மூன்று பக்கமும் கடல். நான்காம் பக்கம் சுமார் 2,000 அடி உயரச் செங்குத்துப் பாறை. 1866 ஜனவரியில் முதல் குழுவினர் அங்கே இறக்கப்பட்டனர். நிலத்தைக் கொடுத்தால் தாமே பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசு எண்ணியது. விரல்கள் உதிர்ந்த கைகள் எவ்வாறு மண்வெட்டி பிடிக்கும் என்பதை எண்ணியதாகத் தெரியவில்லை.

டேமியன் வருமுன் அங்கே இருந்தது இருள் ஒன்றே என்று சில வரலாறுகள் கூறுகின்றன. அது நியாயமான கூற்று அன்று. குடியும் பூசலும் இருந்தன. வலியவர்கள் எளியவர்களின் உணவைப் பறித்ததும் உண்டு. ஆனால் அதே 1866-ஆம் ஆண்டிலேயே நோயாளிகள் தாமாகக் கூடி ஒரு புராட்டஸ்டன்ட் சபையை நிறுவியிருந்தனர். நோயற்ற மனைவியரும் கணவன்மாரும் தம் துணையைப் பிரிய மனமின்றி உடன்வந்து தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவர் ஜோனத்தான் நாப்பெலா. நீதிபதியாக இருந்தவர், மார்மன் சபையைச் சேர்ந்தவர். நோயுற்ற மனைவி கிட்டியோடு 1873-இல் அங்கே வந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. 1879-இல் அவர் இறந்தார். மனைவியும் சில வாரங்களில் இறந்தார். சமயக் கொள்கையில் பெரும் வேறுபாடு இருந்தும் அவரும் டேமியனும் நண்பர்களாக இருந்தனர். டேமியனுக்குக் கிடைத்த புகழில் ஒரு துளியும் நாப்பெலாவிற்குக் கிடைக்கவில்லை. அவரது பற்றுறுதி அதனால் குறைந்துவிடவில்லை.

முதல் சில வாரங்கள் டேமியன் ஒரு தாழை மரத்தின் அடியில் உறங்கினார். புனித பிலோமினாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் ஏற்கெனவே அங்கிருந்தது. அதைப் பின்னர் விரிவாக்கினார். பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவர உழைத்தார். ஓலைக் குடிசைகளுக்குப் பதிலாகப் பலகை வீடுகளை எழுப்பினார். புண்களைக் கழுவிக் கட்டினார். பெற்றோரை இழந்த சிறுவர் சிறுமியருக்கு இல்லங்கள் அமைத்தார். இறந்தவர்களுக்குத் தாமே சவப்பெட்டி செய்து, பல வேளைகளில் குழியையும் தாமே வெட்டினார். தொடக்கத்தில், புண்களின் நாற்றம் தாங்காமல் ஆலயத்தை விட்டு வெளியே ஓடிவிடத் தோன்றிய நேரங்கள் உண்டு. அதைச் சமாளிக்கப் புகையிலைக் குழாய் பிடிக்கும் வழக்கத்தை மேற்கொண்டார். நோயாளிகளால் எச்சிலை அடக்க இயலாது. அதனால் வழிபாட்டிற்கு வரவே கூசினர். அவர்கள் கூசாமல் வந்து அமர்வதற்காக ஆலயத்தின் பலகைத் தரையில் சிறு துளைகள் இடப்பட்டன.

சேப்பங்கிழங்கை அவித்து இடித்துச் செய்யும் களியே ஹவாய் மக்களின் அன்றாட உணவு. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் விரலால் எடுத்து உண்பார்கள். டேமியன் அவர்களோடு அமர்ந்து அவ்வாறே உண்டார். மறையுரையில் தம்மையும் தொழுநோயாளர்களுள் ஒருவராகவே சேர்த்துப் பேசினார். தமிழில் உள்ளதைப் போலவே ஹவாய் மொழியிலும் கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் நாம் வேறு, விலக்கிவைக்கும் நாங்கள் வேறு. வந்த சில மாதங்களிலேயே இவ்வாறு பேசுவதைத் தம் அண்ணனுக்கு எழுதினார். அப்போது அவர் உடலில் நோயின் அறிகுறி எதுவும் இல்லை. இதற்கும் பின்னால் நேர்ந்ததற்கும் இடையே பதினோர் ஆண்டுகள் இருக்கின்றன.

அங்கேயே தங்க விரும்புவதாக அவர் விரைவிலேயே மேலோருக்குத் தெரிவித்தார். அதற்கு அவர் கொடுத்த விலை உடல் உழைப்பு மட்டும் அன்று. கத்தோலிக்கக் குரு ஒருவர் தம் பாவங்களை மற்றொரு குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற வேண்டும். கலவாவோவில் வேறு குரு இல்லை. தீவை விட்டு வெளியே வரவும் சுகாதாரக் குழு தடை விதித்தது. ஒருமுறை அவரது சபையின் மாநிலத் தலைவர் கப்பலில் அவ்வழியே வந்தார். அவரைக் கரையிறங்க விடக் கப்பல் தலைவர் மறுத்தார். டேமியனையும் கப்பலில் ஏறவிடவில்லை. டேமியன் சிறு படகில் நின்றபடி, மேல்தளத்தில் நின்ற தலைவரை நோக்கி, சுற்றிலும் பிறர் இருக்கத் தம் பாவங்களை உரக்கக் கூறிப் பாவமன்னிப்புப் பெற்றார். தனிமையைத் தாங்க இயன்றது எவ்வாறு என்பதற்கு அவர் தம் கடிதங்களில் கூறிய காரணம் ஒன்றே: ஆலயப் பேழையில் இருந்த நற்கருணை.

பின்னர்த் துணைக்கு வந்த குருமார்கள் இருவரோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. பிடிவாதக்காரர், முன்கோபி, மேலோரை நச்சரிப்பவர் என்ற குறைகள் அவர்மீது கூறப்பட்டன. அவை பொய்யல்ல. மரமும் மருந்தும் கேட்டு அவர் எழுதிய கடிதங்களைப் பெற்றவர்கள் சலிப்படைந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் கேட்டவை தமக்காக அல்ல.

1884 டிசம்பரில் ஒருநாள் கொதிநீரில் கால் வைத்தார். தோல் கொப்புளித்தது, வலி தெரியவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மருத்துவர் ஆர்னிங் நோயை உறுதி செய்தார். டேமியன் வேலையைக் குறைக்கவில்லை, மாறாக விரைவுபடுத்தினார். இக்காலத்தில்தான் அவரது செய்தி உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குரு ஒருவர் அவருக்காக நிதி திரட்டினார். தம் மேலோருக்கோ இவ்விளம்பரம் பிடிக்கவில்லை. ஹோனலூலுவிற்கு வரவேண்டாம் என்று அவர்கள் தடுத்ததுதான் நோயைவிட அவரை வருத்தியது.

இனி ஒரு தோழர் வரமாட்டார் என்றிருந்த நிலையில் 1886 ஜூலையில் கரையிறங்கினார் ஜோசப் டட்டன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர், குரு அல்லர். கேள்விப்பட்டு வந்தவர், 1931-இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுவரை மொலோக்காயில் இருந்தார். 1888-இல் கொன்ரார்டி என்ற பெல்ஜியக் குரு வந்தார். இவர் பிற்காலத்தில் மருத்துவம் கற்றுச் சீனாவில் தொழுநோயாளர் இல்லம் அமைத்தார். அதே 1888 நவம்பரில் அன்னை மரியான் கோப் தம் பிரான்சிஸ்கன் சகோதரிகளுடன் வந்து சேர்ந்தார். 1918-இல் மறையும்வரை அவரும் அங்கேயே இருந்தார். அவரது சகோதரிகளுள் எவருக்கும் அந்நோய் தொற்றவில்லை. இவ்வாறு, குழந்தைகளை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கவலை டேமியனுக்கு இறுதியில் நீங்கியது. 1889 ஏப்ரல் 15 அன்று, தம் 49-ஆம் வயதில் இறந்தார். சில மாதத் தவணைக்கு வந்தவர் தங்கியது பதினாறு ஆண்டுகளுக்கு 25 நாட்கள் குறைவு. வந்த புதிதில் தமக்கு நிழல் தந்த தாழையின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்த சில மாதங்களில் பழி எழுந்தது. ஹோனலூலுவில் இருந்த புராட்டஸ்டன்ட் போதகர் ஹைட் எழுதிய கடிதம் ஆஸ்திரேலியாவில் அச்சாயிற்று. டேமியன் அழுக்கானவர், முரடர், ஒழுக்கம் தவறியதால் நோயுற்றவர் என்று அதில் கண்டிருந்தது. மறுமொழி எழுதியவர், புராட்டஸ்டன்ட் மரபிலேயே வளர்ந்த நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். டேமியன் இறந்த அடுத்த மாதம் மொலோக்காய்க்குச் சென்று சில நாட்கள் தங்கி, நோயாளிகளை நேரில் கண்டவர் அவர். அழுக்கும் முரட்டுத்தனமும் உண்மை என்று ஒப்புக்கொண்டே, 1890-இல் பகிரங்கக் கடிதம் ஒன்றில் டேமியனின் சார்பாக வாதாடினார். குறைகளை மறைக்காததால்தான் அக்கடிதம் இன்றும் படிக்கப்படுகிறது.

அவரது மரணம் இந்தியாவையும் தொட்டது. இங்கிலாந்தில் அவர் நினைவாக வேல்ஸ் இளவரசர் தலைமையில் நிதி திரட்டப்பட்டது. அந்நிதியால் 1890-91-இல் தொழுநோய் ஆணையம் ஒன்று இந்தியாவிற்கு வந்து ஆராய்ந்தது. நோய் எளிதில் தொற்றுவதன்று, கட்டாயமாகப் பிரித்துவைக்கத் தேவையில்லை என்பது அதன் முடிவு. டேமியனுக்கு நோய் தொற்றியதையே சான்றாகக் காட்டி உலகெங்கும் அச்சம் பெருகியிருந்த காலம் அது. ஆணையத்தின் சொல் எடுபடவில்லை. வறிய நோயாளிகளை அடைத்துவைக்க வகைசெய்யும் சட்டம் 1898-இல் இந்தியாவில் வந்தது. 2016-இல்தான் அது நீக்கப்பட்டது. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னும் ஹவாயில் ஒதுக்கிவைக்கும் சட்டம் 1969 வரை நீடித்தது. அதற்குள் ஏறத்தாழ 8,000 பேர் அக்கரைக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

அண்ணன் பாம்ஃபீலும் இறுதியில் மொலோக்காயைக் கண்டார். நோயால் தவறிப்போன பயணத்தை 1895-இல் மேற்கொண்டார். முதுமையும் தட்பவெப்பமும் ஒத்துவரவில்லை. சுமார் இரண்டு ஆண்டுகளில் நாடு திரும்பினார்.

1936-இல் பெல்ஜிய அரசின் வேண்டுகோளுக்கிணங்க டேமியனின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, கப்பலில் தாய்நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. மொலோக்காய் நோயாளிகள் அதை விரும்பவில்லை. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார். 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதராக அறிவித்தார். 1995-ஆம் ஆண்டில் அவரது வலக்கை மட்டும் கலவாவோவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டு, பழைய கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.