இரப்பருக்கு உறுதி தந்த சார்லஸ் குட்இயர்

ஆண்டின் இறுதி நெருங்கும் வேளையில், கனமான வெள்ளைத்தாள், கத்தரிக்கோல், பசை, மைப்பெட்டி, இரப்பர் முத்திரை ஆகியவை வகுப்பறை மேசைகளை நிறைத்துக் கிடப்பதைக் காண்கிறோம். தாளை இரண்டாக மடித்து, முகப்பில் விண்மீனையோ மணியையோ ஊசியிலை மரத்தையோ முத்திரையால் ஒற்றி, உள்ளே ஒரு வரி எழுதினால் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஆயத்தமாகிவிடுகிறது. வண்ணத்தாளை நீளப் பட்டைகளாக நறுக்கி, அவற்றின்மேல் விண்மீன்களைப் பதித்து, வளையம் வளையமாகக் கோத்து ஒட்டினால் அழகிய தோரணம். ஒரே முத்திரையை நூறு முறை ஒற்றினாலும் நூறாவது விண்மீனுக்கும் ஐந்து முனைகள் குறைவின்றி இருக்கின்றன. தோட்ட அலுவலகத்தில் கிராணியார் தாள்தோறும் ஓங்கிக் குத்தும் 'சாப்பு'ம் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

பால்மரத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகத் தோன்ற வேண்டும். ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்து விளையாடியவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். வெயிலில் வைத்தால் அது பிசுபிசுக்கும், கையில் ஒட்டும், சில நாளில் நாறும். அந்தப் பச்சை இரப்பரில் விண்மீனைச் செதுக்கினால் அதன் முனைகள் ஒரு நண்பகலைக்கூடத் தாங்கமாட்டா. அப்படியானால் முத்திரையில் உள்ள இரப்பருக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது? அதைத் தேடிக் கண்டவர் ஓர் அமெரிக்கர். அத்தேடலுக்கு அவரும் அவருடைய மனைவி மக்களும் கொடுத்த விலை மிகப் பெரிது.

சார்லஸ் குட்இயர் 1800ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், கிறிஸ்துமஸ் கழிந்து நான்கு நாளில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூஹேவன் நகரில் பிறந்தார். தந்தையார் அமாசா குட்இயர் பொத்தான்களும் உழவுக் கருவிகளும் செய்து விற்றவர். மகனும் அத்தொழிலிலேயே இறங்கினார். 1824இல் கிளாரிசா பீச்சர் என்னும் மங்கையை மணந்து, பிலடெல்பியா நகரில் இரும்புச் சாமான் கடை வைத்தார். கடனுக்குச் சரக்குக் கொடுத்துக் கொடுத்தே கடை நொடித்தது. 1830இல் தந்தையும் மகனும் கடனாளிகள் ஆயினர். அன்று பிடித்த கடன் குட்இயரை இறுதிவரை விடவில்லை.

1834இல் நியூயார்க் நகரில் இரப்பர்ப் பொருள் விற்கும் கடை ஒன்றில், நீரில் மிதக்க உதவும் காற்றுப்பை ஒன்றைக் கண்டார். அதன் காற்றடைப்பான் சரியில்லை என்று எண்ணி, அதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்து எடுத்துச் சென்றார். கடைக்காரர் அவருடைய திறமையைப் பாராட்டினார். ஆனால், இரப்பர் வணிகமே அழிந்துகொண்டிருக்கிறது என்னும் உண்மையையும் அவரிடம் கூறினார். குளிர்காலத்தில் விற்ற காலணிகளும் துணிகளும் கோடையில் உருகிக் கூழாகித் திரும்பி வந்தனவாம். குளிரிலோ அவை கல்லாக இறுகி வெடித்தனவாம். இந்தக் குறையை நீக்குபவருக்குப் பெருஞ்செல்வம் காத்திருக்கிறது என்று நினைத்தபடியே குட்இயர் ஊர் திரும்பினார். அங்கே அவருக்குக் காத்திருந்தது சிறை! கடனைத் தீர்க்க இயலாதவரைச் சிறையில் தள்ளும் சட்டம் அந்நாளில் இருந்தது.

சிறைக்குள் இருந்தபடியே மனைவியிடம் கேட்டுக் கொஞ்சம் பச்சை இரப்பரையும் ஓர் உருட்டுக்கட்டையையும் வரவழைத்துக்கொண்டார். மாவு பிசைவதுபோல் இரப்பரைப் பிசைந்தார். முதல் ஆராய்ச்சி அங்கேயே தொடங்கியது. அவர் வேதியியல் பயின்றவர் அல்லர். கையில் அகப்பட்டதையெல்லாம் கலந்து பார்ப்பதே அவருடைய முறை. மக்னீசியாத் தூளைக் கலந்தபோது பிசுபிசுப்பு நீங்கியதுபோல் தோன்றியது. குடும்பமே சமையலறையில் அமர்ந்து காலணிகள் செய்தது, கோடை வந்தது, எல்லாம் உருகின. பின்னர் நைட்ரிக் அமிலத்தால் மேற்பரப்பைப் பதப்படுத்தினார். அதை நம்பி, அமெரிக்கத் தபால் துறைக்கு 150 தபால் பைகள் செய்து தரும் ஒப்பந்தத்தையும் பெற்றார். செய்து முடித்த பைகளை ஓர் அறையில் மாட்டி வைத்துவிட்டு வெளியூர் சென்றார். திரும்பி வந்து பார்க்கையில், வெப்பத்தில் இளகிப் பைகள் கெட்டுப்போயிருந்தன. மேற்பரப்பு மட்டுமே பதப்பட்டிருந்தது. உள்ளே பழைய பச்சை இரப்பர்தான்.

இந்நிலையில் நத்தானியல் ஹேவார்டு என்பவர், கந்தகத்தைத் தூவி வெயிலில் காயவைத்தால் இரப்பரின் பிசுபிசுப்புக் குறைகிறது எனக் கண்டறிந்திருந்தார். அம்முறையின் உரிமையைக் குட்இயர் விலைக்கு வாங்கினார். 1839இல், மசாசூசெட்ஸ் மாநிலத்து வூபர்ன் என்னும் சிற்றூரில், கந்தகம் கலந்த இரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பின்மேல் பட்டது. உருக வேண்டிய இரப்பர் உருகவில்லை, தோலைப்போல் கருகியது. கருகிய பகுதியின் ஓரத்தில் கருகாமலும் பிசுபிசுக்காமலும் ஒரு மெல்லிய விளிம்பு நின்றது. அந்த விளிம்புதான் அவர் ஐந்தாண்டுகளாகத் தேடியது. அத்துண்டை வெளியே கடுங்குளிரில் ஆணியடித்து வைத்தார். மறுநாள் காலையிலும் அது வளைந்து கொடுத்தது.

இந்நிகழ்ச்சியை வெறும் தற்செயல் என்று பலர் எழுதுவதுண்டு. குட்இயர் அதை ஒப்பவில்லை. தேடுகின்றவன் கண்ணுக்குத்தான் அத்தகைய நிகழ்ச்சி பொருள்படும் என்பது அவருடைய கருத்து. நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. அடுப்பில் இரப்பர் கருகியதைக் கண்டு முகஞ்சுளித்துத் துடைத்தெறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள் அல்லவா?

கந்தகமும் வெப்பமும் செய்த வேலை என்ன? இரப்பர் என்பது நீண்ட நூலிழைகள் போன்ற மூலக்கூறுகளின் குவியல். பச்சை இரப்பரில் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். ஆகவே அழுத்தினால் உருவம் கெடும். சூட்டில் கந்தகம் இந்த இழைகளுக்கிடையே ஆங்காங்கே முடிச்சுப் போடுகிறது. முடிச்சிட்ட வலையை இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புமே, அதுபோல இரப்பரும் திரும்புகிறது. கந்தகம் மிகுந்தால் எருமைக்கொம்புபோல் கடினமாகிறது. இந்த விளக்கம் பிற்கால அறிவியலார் கண்டது. குட்இயருக்குத் தெரிந்ததெல்லாம் அது நடக்கிறது என்பதே.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு கந்தகம் என்பவற்றை வரையறுக்க அவருக்கு மேலும் ஐந்தாண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது நம் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. வீட்டில் உணவில்லை; குளிர் காய விறகில்லை. பனிப்புயலில் நெடுந்தூரம் நடந்து சென்று அயலாரிடம் கடன் கேட்டார். வீட்டுத் தட்டுமுட்டுகள் அடகுக் கடைக்குப் போயின. இறுதியில் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார். அவருக்குப் பிறந்த குழந்தைகளுள் பலர் சிறுவயதிலேயே மாண்டனர்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இதனை விடாமுயற்சி என்று போற்றிவிட்டுச் செல்வது வழக்கம். நாம் அவ்வாறு செல்ல விரும்பவில்லை. வரவுக்கும் செலவுக்கும் இடையே குடும்பம் நடத்தி, பிள்ளைகளின் புத்தகத்துக்கென்று காசைத் தனியே முடிந்து வைத்த தாய்மார்கள் இவ்விதழைப் படிக்கிறார்கள். அவர்கள் குட்இயரை மன்னிப்பார்களா என்பது ஐயமே. அவருடைய உறவினர்கள் பலரும் அவரைக் கடிந்துகொண்டனர். கிளாரிசா அம்மையார் என்ன நினைத்தார் என்பதை வரலாறு அதிகம் பதிவு செய்யவில்லை. உருட்டுக்கட்டையைச் சிறைக்குக் கொண்டுசென்று கொடுத்தவர், சமையலறையைக் காலணிப் பட்டறையாக விட்டுக்கொடுத்தவர் அவர். இரப்பரின் வரலாற்றில் அவ்வம்மையாருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் கருத்து.

1844ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் அமெரிக்காவில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் இங்கிலாந்து கைநழுவிப் போயிருந்தது. அவர் அனுப்பிய மாதிரித் துண்டுகள் அங்கே தாமஸ் ஹன்காக் என்பவரின் பார்வைக்குச் சென்றன. நெடுங்காலம் இரப்பரில் உழைத்த ஹன்காக், துண்டின்மேல் படிந்திருந்த கந்தகத் தூளைக் கவனித்தார். பிறகு தாமும் ஆராய்ந்து முறையைக் கண்டு, 1843இல் இங்கிலாந்தில் முந்திக்கொண்டார். உரோமரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரால் இம்முறைக்கு வல்கனைசிங் என்று பெயர் வழங்கியதும் இங்கிலாந்தில்தான்.

அதே 1843இல் இலண்டனில் வேறொரு சிறு செயலும் நடந்தது. ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர், கிறிஸ்துமஸ் நாளில் நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றி, ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக்கொண்டு ஒரு படம் வரையச் செய்தார். விருந்துண்ணும் குடும்பம் நடுவில். ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள் இருபுறமும். அதனை அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டி அனுப்பினார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுவே. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். ஏழைத் தொழிலாளிக்கு அது எட்டாத விலை.

இவ்விருவரின் செயலும் 1851இல் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு மே முதல் நாள் இலண்டனில் திறக்கப்பட்ட பெரும் பொருட்காட்சியை முன்னின்று நடத்தியவர்களுள் கோல் ஒருவர். அந்தக் கண்ணாடி மாளிகையில் குட்இயர் ஓர் அரங்கம் அமைத்தார். அதிலிருந்த மேசை, நாற்காலி, விரிப்பு, அணிகலன் எல்லாம் இரப்பர்! 30,000 அமெரிக்க வெள்ளி செலவாயிற்று, பெரும்பகுதி கடன். உயரிய பதக்கம் கிடைத்தது. கடன் கிடைத்த வேகத்தில் பணம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு உரிமை வழக்கொன்றில் புகழ்பெற்ற வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டர் வாதாடி வென்று தந்தார். அவருக்குக் கொடுத்த கூலி 15,000 வெள்ளி. 1855இல் பாரிஸ் பொருட்காட்சியிலும் இதே கதை. கடனுக்காக டிசம்பர் மாதத்தில் பாரிஸ் சிறையில் அடைக்கப்பட்டார். பிரெஞ்சு அரசின் உயர்ந்த விருது சிறைக்குள்ளேயே அவரை வந்தடைந்தது. தம் ஆராய்ச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் சில படிகளை இரப்பர்த் தாளிலேயே அச்சிட்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அவருடைய ஆர்வம் எத்தகையது என்பதற்கு அதுவே போதும்.

1860இல் மகள் சாகக் கிடக்கிறாள் என்னும் செய்தி கேட்டு நியூஹேவனுக்குப் புறப்பட்டார். வழியில் நியூயார்க்கை அடைந்தபோது மகள் இறந்துவிட்டாள் என்று அறிந்து தளர்ந்தார். ஜூலை முதல் நாள் அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் விட்டுச்சென்ற கடன் ஏறத்தாழ 200,000 வெள்ளி. 1898இல் தோன்றிய டயர் நிறுவனம் அவருடைய பெயரைத் தாங்கியது. ஆயினும் அதற்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லை.

இரப்பர் முத்திரைத் தொழில் அவர் மறைந்த பத்தாண்டுக்குள் அமெரிக்காவில் தோன்றியது. இரப்பரில் பல்செட்டுச் செய்ய மருத்துவர்கள் வைத்திருந்த சிறு அழுத்தக் கலத்திலேயே தொடக்கத்தில் முத்திரைகளை வேகவைத்தனர். ஈய எழுத்துகளை அடுக்கி, ஈரச் சாந்தில் அழுத்தி அச்செடுப்பர். காய்ந்த அச்சின்மேல் கந்தகம் கலந்த இரப்பர்த் தகட்டை வைத்து இறுக்கிச் சூடேற்றுவர். குழிக்குள் இறங்கிய இரப்பர் அங்கேயே வெந்து உறுதிப்படும். உரித்தெடுத்து மரக்கட்டையில் ஒட்டினால் முத்திரை. அவ்வாறே பிள்ளைகளுக்கென்று பறவை, விலங்கு, பூ ஆகிய படமுத்திரைப் பெட்டிகளும் கடைகளுக்கு வந்தன. கோலின் அட்டையை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் தன் கையாலேயே ஓர் அட்டை அச்சிட வழி பிறந்தது.

உலகம் முழுவதும் வெந்த இரப்பரைக் கேட்கத் தொடங்கியதால்தான் பிரேசில் நாட்டு விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தன. மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன் பின்னர் காடுகளைத் திருத்தி நிரை நிரையாக மரம் நட்டுப் பால்வெட்டியவர்கள் யார் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. அட்டை செய்து முடித்ததும் முத்திரையில் மை காயவிடாமல் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, நிழலான இடத்தில் வையுங்கள். எண்ணெய் பட்டால் இரப்பர் உப்பிவிடும். வெயிலில் நெடுநாள் கிடந்தால் வெடிக்கும். புது முத்திரை செதுக்குவோர் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். விண்மீனுக்கு அந்தக் கவலை இல்லை.