பெயர்களைச் சொல்லாத தாதி: சிபில் கார்த்திகேசு

மாணவர்களே, சாலாக் செலாத்தானில் எல்ஆர்டி ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கிக் கொஞ்ச தூரம் மேட்டில் நடந்தால் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தை அடையலாம். 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி அந்தத் தேவாலயத்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகள் சிபில் டேலி. ஐரிஷ் வழி வந்த யூரேசியக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். மணமகன் ஆறுமுகம், தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழர், மருத்துவர். இந்து மாப்பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெண்ணா என்ற கேள்வி முதலில் குறுக்கே நின்றது. அவர் கத்தோலிக்கராகி, ஏ.சி. கார்த்திகேசு என்று பெயர் கொண்டார். அன்று முதல் மணமகள் சிபில் கார்த்திகேசு ஆனார்.

சிபில் 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவிலுள்ள மேடான் நகரில் பிறந்தவர். தாயார் மருத்துவச்சி. மகளும் அதே தொழிலுக்கு வந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கெண்டனீஸ் மொழியைச் சீனர்களைப் போலவே பேசுவார். பின்னாளில் அவர் உயிரையே பணயம் வைத்ததற்கு இந்த மொழியறிவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

மணமான அதே ஆண்டில் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. முதலாம் உலகப் போரில் கலிப்போலிப் போர்க்களத்தில் இறந்துபோன தம் அண்ணன் மைக்கலின் பெயரைத்தான் அந்தப் பிள்ளைக்கு வைத்திருந்தார். பிறகு வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். 1921இல் ஓல்கா, 1936இல் டோன் என இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

1926இல் தம்பதியர் ஈப்போவில் கிளினிக் திறந்தனர். அன்று புருஸ்டர் ரோடு, இன்று ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் வேலை செய்த சீனக் குடும்பங்கள் சிபிலைத் தேடி வந்தன. தங்கள் மொழியிலேயே நோயைக் கேட்டறியும் தாதி எளிதில் கிடைப்பாரா?

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஈப்போமீது குண்டு போட்டன. குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம் பெயர்ந்தது. பெரிய தெருவில் 74ஆம் எண் கடைவீடு. டாக்டர் ஈப்போவுக்குப் போய்க் கிளினிக்கைக் கவனிக்க, சிபில் பாப்பானில் மருத்துவம் பார்த்தார். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. உங்கள் பாட்டனுக்கும் பாட்டிக்கும் அந்தக் காலத்தின் கதைகள் தெரிந்திருக்கும். மருந்தும் தட்டுப்பாடுதான். இருந்தாலும் காசில்லாதவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை.

பாப்பானைச் சுற்றியுள்ள காட்டு மலைகளில் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் மறைந்திருந்தார்கள். காயம்பட்டவர்களும் காய்ச்சலில் விழுந்தவர்களும் இருட்டிய பிறகு வீட்டின் பின்புறமாக வந்து கதவைத் தட்டினார்கள். சிபில் திறந்தார். மருந்து கட்டினார், மாத்திரை கொடுத்தனுப்பினார். உடலில் குண்டு பாய்ந்து வந்த ஒருவருக்கு டாக்டரே அறுவை செய்தார். அந்த வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் லண்டன் பிபிசி செய்தியைக் கேட்டு நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் சொல்லி வந்தார்கள். வெளியே பேசும்போது அதற்கு ஜோசஃபின் என்று ஒரு பெண்ணின் பெயர். பிடிபட்டால் தலை போகும் குற்றம் அது.

சேதி எப்படியோ கசிந்தது. 1943 நடுவில் கணவரைப் பிடித்தார்கள். அடுத்து சிபிலையும் பிடித்தார்கள். காட்டுக்குள் தப்பியோட வழி இருந்தும் அவர் போகவில்லை. தாம் ஓடினால் குடும்பமும் பாப்பான் மக்களும் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

கெம்பெய்த்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவப் போலீஸ் அவரை விசாரித்தது. அவர்களுக்குப் பெயர்கள் வேண்டும். யார் வந்தார்கள், யார் அனுப்பினார்கள், ஊரில் யாருக்கெல்லாம் தெரியும்? அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் இரவில் சிபிலிடம் காயத்தைக் காட்டி நின்றவர்கள், அல்லது அவர் கையில் பிள்ளை பெற்றவர்களின் வீட்டார். மூச்சு முட்ட நீர் ஊற்றினார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கால்களில் சூடு வைத்தார்கள். விரல் நகங்களைப் பிடுங்கினார்கள். பிரம்பால் அடித்த அடியில் முதுகெலும்பு சேதமடைந்து, நடக்கும் சக்தியே போய்விட்டது. பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடை உடைந்தது. இதையெல்லாம் இளம் வாசகர்கள் படிக்கும் பக்கத்தில் எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டால், அவருடைய விசுவாசம் எதைத் தாங்கியது என்பது புரியாமல் போய்விடும்.

அதிகம் பேசப்படும் சம்பவம் ஒன்று உண்டு. யோஷிமுரா என்ற சார்ஜன்ட் சின்ன மகள் டோனைக் கொண்டுவரச் செய்தார். ஏழு வயதுப் பிள்ளை. அவளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்ட ஏற்பாடு செய்து, தாயைப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். சொன்னால் மகள் பிழைப்பாள். பத்துப் பதினைந்து வீடுகளில் வேறு தாய்மார்கள் பிள்ளைகளை இழப்பார்கள். சிபில் ஜெபித்தார். வாய் திறக்கவில்லை. கடைசியில் பிள்ளைக்குத் தீக்காயம் ஏதுமின்றி இறக்கிவிட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. பிள்ளை இறக்கப்படுவாள் என்று சிபிலுக்கு முன்கூட்டியே தெரியாது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

பின்னாளில் இந்த மாதங்களைப் பற்றி எழுதும்போது அவர் ஜெபத்தைப் பற்றி அடிக்கடி பேசுகிறார். பக்தியில் ஊறி வளர்ந்த கத்தோலிக்கப் பெண் அவர். நினைவு தப்பும் வரை வேண்டுவார்; நினைவு திரும்பியதும் மறுபடி வேண்டுவார். அதனால் வலி குறைந்ததாகத் தெரியவில்லை. கால்களும் திரும்பி வரவில்லை. தம்மைத் தேடி வந்த நோயாளியைக் கடவுள் தம்மிடம் ஒப்படைத்தவராகவே அவர் நினைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி நினைப்பவரிடம் பெயர் கேட்பது வீண் வேலை.

இறுதியில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். கணவருக்கும் வில்லியமுக்கும் சிறைத் தண்டனை. பத்து காஜா சிறையில் சிபில் எழுந்து நிற்க முடியாமல், தரையில் ஊர்ந்தபடியே நாள்களைக் கழித்தார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் சிறைக்கதவு திறந்தது. யோஷிமுரா போர்க் குற்ற விசாரணையில் மரண தண்டனை பெற்றார்.

சிகிச்சைக்காகச் சிபிலை விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவமனைக்கும் படுக்கைக்குமாக இருந்த நிலையிலும் தம் அனுபவங்களை எழுதினார். 1947இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. வீரத்துக்கான அந்தப் பதக்கத்தைப் பெற்ற மலாயாப் பெண் அவர் ஒருவர்தான். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற அவருடைய நூல் 1954இல் வெளிவந்தபோது பார்க்க அவர் இல்லை. கருணை ஒரு துளியும் இல்லை என்ற பொருள் தரும் அந்தத் தலைப்பு ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்திலிருந்து வந்தது.

உடைந்த தாடையில் ஏற்பட்ட புண் ஆறவே இல்லை. அது இரத்தத்தை நச்சாக்க, 1948 ஜூன் 12ஆம் தேதி பிரிட்டனில் காலமானார். வயது 48. நான்கு நாள் கழித்து, அவர் வாழ்ந்த அதே பேராக்கில், சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. சிபில் மருந்து கட்டி அனுப்பியவர்களில் பலர் இப்போது அரசாங்கத்தின் எதிரிகள். அவர் பெயர் பல ஆண்டுகள் உரக்கப் பேசப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்றும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தார் அவரை அங்கே விட்டுவிட மனமில்லாமல் உடலைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1949 மார்ச் 20ஆம் தேதி ஈப்போ மக்கள் திரண்டு நடந்து வர, செயின்ட் மைக்கல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் நடந்தது. ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பாப்பான் பெரிய தெருவின் 74ஆம் எண் வீடும் இன்னும் நிற்கிறது. அதை அவருடைய நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.