புதுக்கோட்டையை ஆண்ட திவான்

முடி ஒருவர் தலையில், முத்திரை வேறொருவர் கையில்! 1886 முதல் 1894 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த நிலை இது. முத்திரையைக் கையில் வைத்திருந்தவர் சேஷய்யா சாஸ்திரியார்.

தஞ்சைச் சீமையின் அமராவதி என்னும் சிற்றூரில், 1828ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னையில் பவல் துரையிடம் ஆங்கிலம் பயின்று, சர்க்கார் குமாஸ்தாவாக நுழைந்தார். 1872ல் திருவிதாங்கூர் திவானானார். 1878ல் புதுக்கோட்டைக்கு வந்தார். அதுவரை 'சர்க்கேல்' என்றிருந்த அமைச்சர் பதவி, அவர் காலத்தில்தான் 'திவான்' என்றாயிற்று.

யார் யாருக்குப் பிரதிநிதி என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது, தோழர்களே! மன்னர் தம்மைத் திருக்கோகர்ணத்து அம்மனின் தாசர் என்றார். மன்னருக்குப் பதிலாகத் திவான் ஆண்டார். திவானுக்கு மேலே, லண்டனிலிருந்த ராணிக்காக அரசியல் ஏஜெண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை பேருக்கும் சோறு போட்டவன் மட்டும் எவருக்கும் பிரதிநிதியல்ல, அவன் குடியானவன்.

அந்தக் குடியானவனை வாட்டியது அமானி முறை. விளைச்சலில் சர்க்காருக்குப் பங்கு. அந்தப் பங்கை அதிகாரிகள் வந்து அளந்து எடுக்கும் வரை, வியர்வை சிந்தியவன் களத்து நெல்லில் கை வைக்கக் கூடாது! காவலுக்கு ஆள், காவலாளியைக் கண்காணிக்க இன்னோர் ஆள். அளப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டால் யாருக்கு நட்டம்? சாஸ்திரியார் இம்முறையை ஒழித்து, பணமாகச் செலுத்தும் நிலையான தீர்வையைக் கொண்டுவந்தார். நகரத்துக் குடிநீருக்குப் புதுக்குளமும் அவர் காலத்ததே. இவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1888ல் இனாம் நிலங்களுக்கு ஏற்பாடு செய்தபோது, பேச்சு இனாம்தாரோடுதான் நடந்தது. அந்த நிலத்தில் ஏர் பிடித்த கூலிக்காரனை யார் கேட்டார்கள்?

1886ல் ராமச்சந்திர தொண்டைமான் இறந்தார். அவர் தத்தெடுத்திருந்த மகள் வயிற்றுப் பேரன் மார்த்தாண்ட பைரவருக்கு அப்போது பத்து வயது. எட்டு ஆண்டுகள் சாஸ்திரியாரே ரீஜெண்டு. நல்லதைச் செய்தாலும் அல்லதைச் செய்தாலும் அவர் பதில் சொல்ல வேண்டியது வெள்ளையனுக்கு, உழுதவனுக்கு அல்ல. அங்கே பிரதிநிதி சபை என்ற பெயரில் ஒன்று வந்ததே 1902ல்தான்!

1894ல் வயது வந்த இளவரசரிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு, சாஸ்திரியார் கும்பகோணம் போனார். 1903ல் அங்கேயே மறைந்தார். அவர் காத்துக் கொடுத்த அரியணையோ நிலைக்கவில்லை. மார்த்தாண்டர் 1915ல் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பின்பு சமஸ்தானத்தை விட்டு வெளிநாடே கதியென்று இருந்து, 1928ல் பாரிஸில் இறந்தார். 1922லேயே மறுபடியும் ஒரு ரீஜெண்டு தேவைப்பட்டுவிட்டார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அன்றோடு திவான் பதவியும் போயிற்று.