எரிக் லிடல்

பந்தயம் தொடங்குமுன் நெஞ்சு படபடத்தலும் உள்ளங்கை வியர்த்தலும் ஓடுவோர் யாவர்க்கும் இயல்பு. அக்கிளர்ச்சி சற்றும் இல்லையேல் கால் விரைந்து எழாது; அளவு கடந்தாலோ தசை இறுகி, மூச்சுத் தடுமாறி, பல மாதம் பழகிய ஓட்டமும் மறந்துபோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை வாய்க்கப்பெற்றவர் எரிக் லிடல்.

அவர் 1902-ம் ஆண்டு, சீன தேசத்துத் தியன்சின் நகரில், ஸ்காத்லாந்து மிஷனெரிமாரின் மகனாய்ப் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் பயின்ற காலத்தே ஓட்டத்திற் பெயர் பெற்றார். தலையைப் பின்னே சாய்த்து, வாய் திறந்து, கைகளை வீசி அவர் ஓடும் கோலம் அழகிற்குரியதன்று. 1923-ல் ஸ்டோக் நகரில் நடந்த 440 கஜப் பந்தயத்தின் தொடக்கத்திலேயே மற்றொருவர் மோதக் கீழே விழுந்தார். எழுந்தபோது ஏனையோர் ஏறக்குறைய 20 கஜம் முந்தியிருந்தனர். துரத்திச் சென்று வென்றார். வென்றவுடன் சோர்ந்து விழுந்தார்.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், அவருக்கு உரியதென யாவரும் கருதிய 100 மீட்டர் ஓட்டத்தின் முதற் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் ஓடேன் என்று பல மாதங்களுக்கு முன்னரே மறுத்துவிட்டார். பழிச்சொல் பல கேட்டும் மாறாது, 400 மீட்டருக்குப் பயின்றார். ஜூலை 11-ந் தேதி இறுதி ஓட்டம். அவருக்குக் கிடைத்ததோ கடைசி வெளிப்பாதை. முன்னே ஒருவரும் இல்லை, பின்வருவோரின் வேகமும் தெரியாது. ஐயமும் அச்சமும் புகுவதற்கு இதனினும் ஏற்ற இடம் வேண்டுமோ? அவரோ தம் வழக்கப்படி எதிராளிகளின் கையைக் குலுக்கிவிட்டு நின்றார். முதல் 200 மீட்டரை 22.2 விநாடியில் கடந்தார். இவ்வேகம் இறுதிவரை நில்லாது என்றே கண்டோர் எண்ணினர். 47.6 விநாடியில் முதல்வராய் வந்தார்.

இதனைத் தெய்வச் செயலென்று மட்டும் கூறி அமைவாருளர். நானும் அதனை மறுக்கிலேன். ஆயினும் அம்மாதங்களின் பயிற்சியை மறைத்தல் நியாயமன்று. இழக்க அஞ்சத்தக்க புகழை அவர் முன்னரே தாமாக விட்டுவிட்டார். ஆகவே தோல்வியச்சம் அவரைப் பிணிக்கவில்லை, உள்ளத்தெழுந்த கிளர்ச்சி முழுதும் காலுக்கே சென்றது என்பது என் துணிபு.

1925-ல் சீனம் சென்று ஆசிரியராகவும் மிஷனெரியாகவும் உழைத்தார். 1943 முதல் ஜப்பானியரின் வெய்சியன் காவல் முகாமில் அடைபட்டிருந்தார். அங்கே சிறுவர்கள் ஞாயிறன்று ஹாக்கி ஆடி, நடுவரின்மையால் அடித்துக்கொண்டனர். பாரிஸில் ஞாயிறன்று ஓட மறுத்த அவர், அச்சிறுவர் பொருட்டு அந்நாளிலேயே நடுவராய் நின்றார். 1945-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, மூளையில் வளர்ந்த கட்டியால் அம்முகாமிலேயே காலமானார். அப்போது வயது 43.