மெக்கானிக்கல் படித்த பாபா

மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் ஹோமி பாபா. அணுஉலை பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது வேறு. அவரும் நம்ம மாதிரி மெக்கானிக்கல்!

ஆம்! 1909-ல் பம்பாயில் பிறந்தவரை 1927-ல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியதே இயந்திரவியல் படிக்கத்தான். முடித்ததும் ஜாம்ஷெட்பூர் டாடா இரும்பாலையில் சேர வேண்டும் என்பது வீட்டார் திட்டம். பையனுக்கோ இயற்பியல் மேல் மோகம். இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கினால் இஷ்டப்படி படிக்கலாம் என்றார் அப்பா. 1930-ல் வாங்கிக் காட்டினார்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். எங்க அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். டிப்ளமா முடிந்ததும் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போ என்கிறார். எனக்கு பி.இ. ஆசை. பாபா வீட்டுக்குப் பின்னால் டாடா குடும்பம் இருந்தது. சத்துவாச்சாரியில் எங்க வீட்டுக்குப் பின்னால் பாலாறுதான்!

விண்ணிலிருந்து ஓயாமல் காஸ்மிக் கதிர்கள் வருகின்றன. 1937-ல் பாபாவும் ஹைட்லரும் ஒரு கணக்கைப் போட்டார்கள். சக்திமிக்க ஒரு காமா கதிர் காற்றில் மோதினால் எலக்ட்ரான், பாசிட்ரான் என்று ஒரு ஜோடி பிறக்கும். அவை மறுபடி காமாவை உமிழும்; அது மறுபடி ஜோடியாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் ஒரு துகள் மழை!

1939-ல் விடுமுறைக்கு வந்தவர் உலகப்போரால் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் துறையிலேயே தங்கிவிட்டார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்து ஸ்ரீகண்டனைக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் கருவிகளோடு இறக்கினார். பாறைக்கு அடியில் எந்தத் துகள் வந்து சேர்கிறது என்று அளக்கத்தான். 1965-ல் அதே சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே நியூட்ரினோவின் தடம் கிடைத்தது. எங்க தாத்தாவும் கோலாரில் கூலியாகப் பாறை அள்ளியவர்தான். தலைக்கு மேல் இப்படி ஒரு மழை என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

1966 ஜனவரி 24-ல் மான்ட் பிளாங்க் மலையில் விமானம் மோதி பாபா இறந்தார். வயது 56.

இந்தக் கதிர்கள் புறப்படுமிடம் எது? நட்சத்திரம் வெடித்துச் சிதறும்போது அதிர்ச்சி அலை கிளம்பும். நெருங்கி வரும் இரண்டு சுவர்களுக்கு நடுவே எகிறும் பந்து வேகம் கூடுவதுபோல, புரோட்டான்கள் காந்தப்புலத்தில் பட்டுப்பட்டு அலையைத் தாண்டித் தாண்டி வேகமெடுக்கும். வழியில் அவை திசை மாறிவிடும். காமா கதிரோ நேராக வரும். அதை வைத்துத்தான் 2013-ல் ஃபெர்மி செயற்கைக்கோள், வெடித்த இரண்டு நட்சத்திரங்களின் மிச்சங்களில் புரோட்டான் முடுக்கத்துக்குச் சான்று கண்டது. 2024-ல் லடாக்கின் ஹான்லேயில் திறந்த 21 மீட்டர் 'மேஸ்' தொலைநோக்கி பிடிப்பதும் பாபா கணக்குப் போட்ட அதே மழையின் மின்னொளியைத்தான்.

அப்பாவிடம் நானும் அதே பேரம் பேசிப் பார்த்தேன், முதல் வகுப்பு வாங்கினால் பி.இ. என்று. ரிசல்ட் வரட்டும்னார்.