கோடுகளின் மொழி அறிந்தவர்

விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால், அது வண்ணப் பட்டையாக விரியும். அந்நிறமாலையின் குறுக்கே கருங்கோடுகள் தோன்றும். எந்தெந்தக் கோடுகள் உள்ளன என்பதைக் கொண்டே விண்மீன்களை அறிஞர்கள் வகைப்படுத்தினர். கோடுகளின் அகலமும் ஒரு செய்தியைச் சொல்கிறது என்று உணர்ந்தவர் அந்தோனியா மோரி.

மோரி 1866 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். விண்மீன் நிறமாலையை ஒளிப்படமாக்குவதில் முன்னோடியான ஹென்றி டிரேப்பர் இவருடைய தாய்மாமன். வாசர் கல்லூரியில் மரியா மிட்செலிடம் வானியல் பயின்ற மோரி, 1888 இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் பணியில் சேர்ந்தார். அங்குப் பெண்களுக்குக் கிடைத்த கூலி மணிக்கு 25 சென்ட் மட்டுமே.

ஒரே வகையைச் சேர்ந்த விண்மீன்களுள்ளும் சிலவற்றின் கோடுகள் அகன்று மங்கியிருப்பதையும், சிலவற்றின் கோடுகள் மெலிந்து கூர்மையாக இருப்பதையும் மோரி கண்டார். எனவே 22 தொகுதிகள் வகுத்ததோடு, இயல்பான கோடுகளுக்கு 'ஏ', அகன்றவற்றுக்கு 'பி', மெலிந்தவற்றுக்கு 'சி' என்னும் உட்பிரிவுகளையும் அமைத்தார். ஆய்வக இயக்குநர் பிக்கரிங் இம்முறையை மிகச் சிக்கலானதெனக் கருதினார். மோரியோ தாம் கண்டதைக் கைவிட மறுத்தார். 1891 இல் ஆய்வகத்தை விட்டு நீங்கிப் பள்ளியில் கற்பித்தார். தம் உழைப்புக்கு உரிய பெயர் வேண்டும் எனவும் வலியுறுத்தினார். பின்னர் மீண்டும் வந்து பணியை முடித்தார். 681 விண்மீன்களின் பட்டியல் 1897 இல் அவர் பெயரோடு வெளிவந்தது.

காலம் அவர் பக்கம் நின்றது. 'சி' பிரிவு விண்மீன்கள் பேரொளி மிக்கவை என்பதை 1905 இல் டென்மார்க் அறிஞர் எர்ட்சுபிரங் உணர்ந்தார். அகன்ற கோடுகளின் மறைபொருள் 1929 இல் ஸ்துரூவே, ஷாய்ன் ஆகியோரின் ஆய்வால் விளங்கியது. சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது. மறு விளிம்பு விலகிச் செல்கிறது. முன்னதன் ஒளி நீலப் பக்கமும் பின்னதன் ஒளி செந்நிறப் பக்கமும் நகர்வதால் கோடு இருபுறமும் விரிகிறது. கதிரவன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள்கள் ஆகும். திருவோணம் என்னும் விண்மீனோ பத்து மணி நேரத்திற்குள் சுழன்றுவிடுகிறது. அதன் வகைக் குறியீட்டில் அகன்ற கோடுகளைச் சுட்டும் 'என்' என்னும் எழுத்து இன்றும் இடம்பெறுகிறது.

1943 இல் அமெரிக்க வானியல் கழகம் மோரிக்குப் பரிசளித்துப் பெருமை செய்தது. 1952 இல் அவர் மறைந்தார். காரணம் விளங்காத நிலையிலும் கண்ணால் கண்ட வேறுபாட்டை மறைக்காமல் பதிவு செய்த நேர்மையே அவர் அறிவியலுக்கு அளித்த கொடை.